இறுகாத கஸ்டட்

மாத்தளை

அன்பு மகன் ஹுஸ்னிக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் தங்கை மர்வாவும் நல்ல சுகம். வாப்பாவின் கால் வீக்கம் வற்றி, பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வருகிறார். கத்தார் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. போனில் பேசத் தொடங்கினால் அழுதுவிடுவேன். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் கூட்டாளி ஸெய்னுலாப்தீனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

றமீஸா கலேவெலயில் தாய் வீட்டில் இருக்கிறாள். தாய்க்குச் சுகமில்லை என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். அது உண்மையில்லை, மகன். உன் மனைவி போனது என்னால்தான்.

போன ஞாயிறு யட்டவத்தயிலிருந்து மர்வாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் செய்யும் கஸ்டட் பை என்ற இனிப்பைப் பற்றி யாரோ சொல்லி, மாப்பிள்ளையின் தாய் ஹமீமா அதைச் சாப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலையிலேயே பிஸ்கட்டை இடித்து, உருக்கிய பட்டரில் பிசைந்து, கண்ணாடித் தட்டில் அழுத்தினேன். பாலும் முட்டையும் சீனியும் கஸ்டட் மாவும் கட்டிபடாமல் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினேன். றமீஸா மாம்பழமும் பப்பாசியும் மெல்லிசாக வெட்டித் தந்தாள். மேலே அடுக்கி பிரிஜில் வைத்தேன். பின்னேரம்வரை குளிர்ந்தால் கத்தி வைத்து வெட்டலாம்.

பிறகு சாரியை அயன் பண்ணுவதற்காக பிரிஜின் ப்ளக்கைக் கழற்றினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். நான் கழற்றும்போது றமீஸா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் முன்னால் முதல் துண்டை வெட்டினேன். கஸ்டட் தண்ணீராக ஓடியது. பிஸ்கட் அதில் ஊறி மிதந்தது. ஹமீமா என்னையே பார்த்தார். "மருமகள்தான் பிரிஜைக் கழட்டிட்டு அப்படியே விட்டுட்டா. வந்த நாள்ல இருந்தே இவ வேலை இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

றமீஸா என்னை ஒருமுறை பார்த்தாள். "ஓம், எனக்குத்தான் மறந்து போச்சு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், மகன்.

அடுத்த நாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மனம் பொறுக்காமல் நானும் கலேவெலக்குப் போனேன். அவளுடைய தாய் அபீபா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து, "புள்ளைக்கு ஓய்வு வேணும்னு நீங்கதான் அனுப்பினீங்களாமே, இப்படி ஒரு மாமி யாருக்குக் கிடைப்பாங்க" என்றார். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். அபீபா என் கையை விட்டுவிட்டார். றமீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "விடுங்க மாமி" என்றாள். வீட்டுக்கு வரச் சொன்னேன். கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்று தாயைப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பி வந்ததும் ஹமீமாவுக்குப் போன் எடுத்து, பொய் சொன்னது நான் என்றும், என் மருமகள் மேல் எந்தப் பிழையும் இல்லை என்றும் சொன்னேன். "சரி, வைக்கிறேன்" என்றார் அவர். அதன் பிறகு அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை. மர்வா, "சொன்னது நல்லதுதான் உம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருப்பாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

நீ என்மேல் கோபப்படு, அது நியாயம். ஆனால் றமீஸாவைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்காதே. நீ கேட்டால் உனக்காக வந்துவிடுவாள். அப்படி அவள் வர வேண்டாம், மகன். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேள். இந்த வீட்டுக்கு இனி வர மாட்டேன் என்றால், அதையும் என்னிடம் மறைக்காமல் சொல்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் பிரிக்காமல் வைப்பானாக.

உன் உம்மா