பொட்டு ஒட்டிய டிஸ்க்

டிஸ்க் பெட்டியைத் திறந்ததும் சோம்பு வாசனை வந்தது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. வாசனை மட்டும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எப்படித் தங்கியது என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை டிஸ்க்குகளுக்குப் பின்னால் செருகிவைப்பாய். "எறும்பு வந்துரும்" என்று நான் முணுமுணுத்தால், "வரட்டும்டி. டேட்டாவைத் தின்னா நமக்கு மறுபடியும் என்ட்ரி வேலை கிடைக்கும்" என்பாய்.

அது நேற்று, சனிக்கிழமை மதியம். இன்று ஞாயிறு காலை. நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். "என்னட்டி, எறும்பு கடிக்கா? ஒரு எடத்துல இரேன்" என்கிறாள் அம்மா. உனக்குச் சொல்ல வேண்டியதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடை மாடியில் நம் சர்வே ஆபீஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். முதல் நாள் நான் வாசலில் தயங்கி நின்றபோது நீ உள்ளிருந்தபடியே தமிழில் கூப்பிட்டாய். "வாடி உள்ள. சாமி ஒண்ணும் பண்ணாது." என் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாயாம். உன் அப்பா துறைமுகத்தில் அதிகாரி. நீ பிறந்ததே இந்த வங்காள ஊரில். உன் தமிழில் பாதி வங்காளம். என் அப்பா மளிகைக் கடையில் பருப்பு நிறுப்பவர். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொன்னபோது நீ, "ஓ மா! அப்ப உன்கிட்ட மரியாதையாப் பேசணுமா?" என்று கேட்டு, அன்று முழுக்க என்னை "கிராஜுவேட் அம்மா" என்றே கூப்பிட்டாய். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது நடை லேசாக இருந்தது.

ஒருத்தி படிவத்தைப் படிக்க, ஒருத்தி டைப் அடிக்க, மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்வோம். எத்தனை பேர், எத்தனை அறை, குடிநீர் குழாயா கிணறா. நடுவில் நீ, படிக்கிற குரலிலேயே, "ஏழு பேர், ஒரு அறை, மருமகள் பாவம்" என்று சேர்த்துவிடுவாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தப்பாக அடிப்பேன்.

அந்த எக்ஸ்ரேயை நீதான் கொண்டுவந்தாய். மெஷின் பழுது பார்க்க வந்த இன்ஜினியரிடம் கெஞ்சிக் கேட்டு நகல் எடுத்த ஒரு டிஸ்க். அதற்கு நீட்டமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது; நமக்கு அது எக்ஸ்ரே. அதைப் போட்டால் எந்த டிஸ்க்கின் உள்ளும் தெரியும். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், நிரம்பியது வெளிச்சமாக, காலியானது புள்ளியாக. கீழே, அழித்த ஃபைல்களின் பட்டியல். ஒவ்வொன்றின் பெயரிலும் முதல் எழுத்து மட்டும் போய், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

ஒரு வார்டின் படிவங்கள் முழுவதையும் நான் தவறுதலாக அழித்துவிட்டு உட்கார்ந்திருந்த நாள் நினைவிருக்கிறதா? "கையை எடு. ஒண்ணும் அடிக்காதே. மேல எதையும் எழுதினாத்தான் போச்சு" என்று என் நாற்காலியைப் பின்னால் இழுத்தாய். கேள்விக்குறி இருந்த இடத்தில் ஓர் எழுத்தை அடித்தாய். எல்லாம் திரும்பி வந்தது. "அழிக்கறதுன்னா வேற ஒண்ணும் இல்லடி. வாசல்ல இருக்கிற பேர்ப் பலகையைக் கழட்டிடறான். வீடு அப்படியேதான் இருக்கு. வேற ஆள் குடி வர்ற வரைக்கும்" என்றாய். அழித்தது அழியாது என்பதில் உனக்கு அத்தனை சந்தோஷம். எனக்கு அன்றே உள்ளுக்குள் ஒரு பயம் வந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

அந்த மாதம்தான் பொரோபாபு, நம் இரண்டு தற்காலிக இடங்களில் ஒன்றை நிரந்தரமாக்கப் போவதாகச் சொன்னார். நம் தலைவரை ஊர் வழக்கப்படி நாமும் பொரோபாபு என்றுதான் சொல்வோம். யாருக்கு என்பதை அவர் சொல்லவில்லை. "உனக்குக் கிடைச்சா எனக்கு ஃபிஷ் ஃப்ரை. எனக்குக் கிடைச்சா உனக்கு, பாவம், வெஜிடபிள் சாப்" என்று நீ அதையும் விளையாட்டாக்கினாய். எனக்கு அது விளையாட்டாக இல்லை. வீட்டில் அப்பா என் தென்காசி அத்தை மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வந்துரும்மா. தென்காசில போயி கம்ப்யூட்டரா தட்டப் போற?" என்றார். அவரை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. நிரந்தர வேலை என்று ஒரு காகிதம் கையில் இருந்தால் பேச முடியும் என்று நினைத்தேன். அது கிடைக்காது என்றும் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நீ ஜால்முடிப் பொரி வாங்கக் கீழே போன நேரத்தில், ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தேன். பிரின்டரில் ரிப்பன் காய்ந்திருந்தது. திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று வேலை டிஸ்க்கிலேயே சேமித்தேன். இரண்டு வரி அல்ல, ஒரு பக்கம். இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும், ஏன் விட்டுப் போகிறேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. வாயால் சொல்ல வராதது கையால் வந்துவிட்டது.

மறுநாள் காலை மனம் மாறியது. உனக்கு முன்பே வந்து அதை அழித்தேன். அழித்தால் போதாது என்று எனக்குத்தான் தெரியுமே. அதன் மேல் புதுப் படிவங்களை அடித்து நிரப்பினேன். எக்ஸ்ரேயைப் போட்டுப் பார்த்தேன். பெயரும் இல்லை, வீடும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

திங்கட்கிழமை பொரோபாபு கூப்பிட்டார். "என்ன மா, கல்யாணமா? வேலையை விடுகிறாயாமே" என்று வங்காளத்தில் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. போகப் போகிற பெண்ணை நிரந்தரமாக்கி என்ன பயன் என்று தன் மேஜையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். உங்களுக்கு யார் சொன்னது என்று ஒரு கேள்வி கேட்க என் வாய் திறக்கவில்லை. வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன். அழும்போதே கணக்குப் போட்டேன். அந்தக் கடிதம் டிஸ்க்கில் இருந்தது வெள்ளி மதியத்திலிருந்து சனி காலை வரை. வெள்ளி மாலை நகல் எடுக்க அந்த டிஸ்க்கைத் தொட்டது நீ ஒருத்திதான். அழிந்ததையே படிக்கிறவள், அழியாததைப் படிக்காமலா இருப்பாய்? நான் போனால் அந்த இடம் உனக்குத்தானே?

செவ்வாய்க்கிழமை முழுக்க நான் எண்களை மட்டும் படித்தேன். சாயங்காலம் நீ பொறுக்க முடியாமல், "த்யாத்! என்னடி ஆச்சு உனக்கு? அந்த லெட்டர்தானே? அதை அழிச்சாச்சு, விடு" என்றாய்.

"அப்ப நீ படிச்சிருக்க."

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த. என்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கியா?"

நீ சிரித்தாய். உனக்கு எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாது. நான் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினேன். "குப்பையைக் கிளறிப் பொழைக்கியா?" என்று கேட்டேன். உன் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் பொரோபாபு சாவிக்கொத்தோடு வந்து, ஆறு மணியாகிவிட்டது என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கிவிட்டேன். படியில் நீ என் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டாய்.

புதன்கிழமை உனக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். பிறகு காமாலை என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஒரு நாள் ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ரயில்வே லைனைத் தாண்டி உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். இன்னும் இரண்டு நாள் கோபமாக இருக்கலாம், அவள் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் நீ இல்லை.

நிரந்தர ஆணை எனக்கு வந்தது. அப்பா ஆணையைக் கையில் வாங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தென்காசிக்கு வேறு மாதிரி எழுதிப் போட்டார். நான் விரும்பியது எல்லாம் நடந்தது. உன் நாற்காலி காலியானதால் நடந்தது. உன்னை மன்னிக்கவும் முடியாமல், உனக்காக அழவும் முடியாமல், ஒன்பது மாதம் அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வந்தேன்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். புது கம்ப்யூட்டர் வருகிறது. பழைய டிஸ்க்குகளை எல்லாம் துடைத்து, மறுபடி பயன்படுத்தும்படி ஃபார்மட் செய்து வைக்கச் சொன்னார் பொரோபாபு. தன் அலமாரியிலிருந்த நகல் டிஸ்க்குகளின் பெட்டியையும் தந்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் நீ எடுத்த நகல்கள், வாரத்துக்கு ஒரு டிஸ்க். நகல் எடுப்பது உன் வேலை, அதன் பிறகு அது எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. பொரோபாபு எண்ணி அலமாரியில் வைப்பார், அவ்வளவுதான் என்று இருந்தேன். திங்கட்கிழமைதோறும் போன வாரத்து டிஸ்க்கின் ஓரத்து வெட்டில் வெள்ளிக் காகிதம் ஒட்டிவிடுவார். ஒட்டிவிட்டால் அதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

வெள்ளி, வெள்ளி, வெள்ளி என்று உரித்துக்கொண்டே வந்தேன். ஒரு டிஸ்க்கில் வெள்ளிக் காகிதம் இல்லை. அந்த இடத்தில், விளிம்பில் மடித்து, ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருந்தது. அகலமான ஸ்டிக்கர் பொட்டு. உன்னுடையது.

லேபிளில் உன் கோணல் எழுத்தில், நான் கடிதம் அடித்த அந்த வாரத்தின் தேதி.

எக்ஸ்ரேயைப் போட்டேன். கட்டங்கள் வந்தன. அழித்த ஃபைல்களின் பட்டியலில் ஒன்றே ஒன்று. கேள்விக்குறியும் அதன் பின்னால் என் கடிதத்தின் பெயரும். கீழே, கட்டங்களுக்குள், என் ஒரு பக்கம் முழுதாக இருந்தது. வேலை டிஸ்க்கில் நான் அழித்துப் புதைத்தது, நகலில் உயிரோடு இருந்திருக்கிறது. இதை அழித்தது நான் இல்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பிறகு, ஒன்பது மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைப் பொரோபாபு அறைக்குப் போய்க் கேட்டேன்.

"நான் வேலையை விடப்போவதாக அன்றைக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். தனக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்றார். திங்கட்கிழமைகளில் நாம் சாப்பிடப் போகும் நேரத்தில், போன வாரத்து நகல் டிஸ்க்கைப் போட்டு, பட்டியல் பார்க்கிற அந்த ஒரே கட்டளையை அடித்துப் பார்ப்பாராம். ராஜினாமா என்று ஒரு பெயரைப் பார்த்தால் திறக்காமல் இருக்க முடியுமா? "உன் தோழி அன்று நீ அழுததைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தாள். கடிதத்தைக் காட்டினேன். அதைத் தானே டைப் பழக அடித்ததாகவும், உனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னாள். கீழே உன் பெயர் இருக்கிறது, மா! பொய் சொல்லக்கூடத் தெரியாத பெண். டிஸ்க்கைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று பிடுங்கிக்கொண்டு போனாள்."

கடிதத்தை மட்டும் அழித்துவிட்டு, வெள்ளிக் காகிதத்துக்குப் பதில் உன் பொட்டை ஒட்டியிருக்கிறாய். நீ என்னிடம் சொன்னது அதைத்தான். அழிச்சாச்சு, விடு. நான் விடவில்லை.

அறைக்குத் திரும்பி மற்ற எல்லா டிஸ்க்குகளையும் ஃபார்மட் செய்தேன். மாலையில் பொரோபாபு எண்ணினார். "ஒன்று குறைகிறதே?"

"கெட்டுப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

உன் பொய்யை நம்பாதது போலவே என் பொய்யையும் அவர் நம்பவில்லை. பெட்டியை மூடினார்.

டிஸ்க் இப்போது என்னிடம் இருக்கிறது. என் கைப்பையின் மூடியில் காந்தம் உண்டு, டிஸ்க்குக்கு ஆகாது. அதனால் நேற்றிலிருந்து துணிப்பைக்கு மாறிவிட்டேன். வளையாமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். கேள்விக்குறி இருக்கும் இடத்தில் ஓர் எழுத்தை அடித்தால் அந்தக் கடிதம் திரும்பி வந்துவிடும். அடிக்க மாட்டேன். கடிதம் என்னுடையது, அது எனக்கு வேண்டாம். அந்தக் கேள்விக்குறி நீ எனக்காக வைத்தது. அதன் மேல் எதுவும் எழுதப்படாமல் பார்த்துக்கொள்வேன்.

அம்மா இரண்டாவது முறை காபிக்குக் கூப்பிட்டுவிட்டாள். குடித்துவிட்டு ரயில்வே லைனைத் தாண்டி உன் வீட்டுக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் எங்கிருந்து தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. தெருமுனையில் என் கால் நின்றாலும் நிற்கும். அப்போது நீ படியில் கூப்பிட்டது போல என் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிடு. இந்த முறை திரும்பிப் பார்ப்பேன்.