பிளக் பக்கத்தில் ஓர் ஆள்

திங்கள். மழை.
சான்றிதழ் வந்துவிட்டது. நெட்வொர்க் வேலைக்கு இது என் மூன்றாவது. சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினேன். கூட வேலை செய்யும் லெட்சுமி பார்த்துவிட்டு, "சார் இனிமே வயர தொடுவீங்களா, இல்ல மொறைச்சாலே கனெக்ட் ஆயிடுமா?" பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு நாங்கள். அவளிடம் சான்றிதழ் இல்லை. பதினைந்து வருட வேலை இருக்கிறது.
வாங்க: பேட்டரி, காலுறை. கியா பார்ம் சந்தையில் சோளம்.

செவ்வாய். பனிமூட்டம்.
தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷன் இணைய இணைப்பில் ஒரு மாற்றம் செய்யவேண்டும். மேலே போன் சிக்னல் கிடையாது. தொழிலாளர் லயத்தில் நாற்பது வீடு, வெளியே பேச இது ஒன்றுதான். கீழே ஃபேக்டரியில் உட்கார்ந்தே செய்யலாம்.
லெட்சுமி: "மேல ரவுட்டர் பெட்டிகிட்ட ஒரு ஆள உக்கார வெச்சிட்டு தொடு. தப்பாயிட்டா பிளக்க புடுங்கி மாட்டுனா, சேவ் பண்ணாத மாத்தம் போயி பழையபடி வந்துடும்."
மேனேஜர் முன்னால் சொன்னேன்: "இது எந்த புத்தகத்துல இருக்கு? படிச்சவனுக்கு ஆள் வேணாம்."
அவள் கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்.
மதியம் 2.10. ஃபேக்டரியில் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டளை வரி அடித்தேன். தப்பான வரி. எந்த வழியாகப் போய் மாற்றினேனோ அந்த வழியையே அடைத்துவிட்டேன்; மேலே மொத்த இணைப்பும் போயிற்று. மேலே போகலாம் என்றால் வழியில் கோலா தெர்லா பக்கம் காய்கறி லோரி கவிழ்ந்து ஜேம். லயத்தில் ஒரு பெண் நிறைமாதம் என்று மேல் டிவிஷனில் கணக்கு எழுதும் கிராணி காலையில்தான் சொல்லியிருந்தார்.
2.25. திரையில் மேல் டிவிஷனுக்குப் பச்சை விளக்கு. லெட்சுமியிடமிருந்து செய்தி: "புடுங்கி மாட்டிட்டேன். இப்ப நிதானமா பாத்து செய்."
காலையிலேயே மோட்டார் சைக்கிளில் மேலே போயிருக்கிறாள். நான் கேட்காமலே. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.
இன்றைக்குப் போதும் என்று நிறுத்திவிட்டேன்.

வியாழன். கொஞ்சம் வெயில்.
மேனேஜர் முன்னால் பேசினதற்கு மேனேஜர் முன்னாலேயே மன்னிப்பு கேட்டேன். லெட்சுமி: "சரி விடுலா. இன்னிக்கு நான் கீழ டைப் பண்றேன். நீ மேல போ."
4.40. மேல் டிவிஷன். பெட்டி பக்கத்தில் முக்காலியில் நான். கிராணி: "சார் என்னா வேலையா வந்தீங்க?"
"பிளக்க பாத்துக்கதான் வந்தேன்."
சிரித்தார். தேநீர் கொடுத்தார்.
4.52. விளக்கு அணைந்தது. கை பிளக் மேல். மனதுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணும்போது தானாகவே பச்சை.
இன்னும் எழுந்திருக்கவில்லை. முடிந்தது என்று அவள் சொல்லட்டும்.