பாலத்துக்கு அந்தப் பக்கம்

காஷ்மீர் எல்லை முகாம்
3 ஜூலை

அன்புள்ள விஷ்ணு,

நலம். இங்கே டவர் இல்லை, அதனால் கடிதம். உன் டூர் நோட்டீஸ் வந்தது. ‘எல்லையின் கடைசிக் கிராமம்’ என்ற வரியை எடுத்துவிடு. நாங்கள் போடும் ரோடு ஆற்றுப் பாலம் வரைதான். அந்தக் கிராமம் இருக்கும் மறுகரையில், வெள்ளத்தில் பழைய கண்ணிவெடிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த கற்களும் நகர்ந்துவிட்டன. போன மாதம் ஓர் ஆடு செத்தது. உன் டூருக்கு வரும் மாமிகளை எனக்குத் தெரியாதா? எந்த ஊரானாலும் பஸ்ஸை நிறுத்தி, பூஜைக்கு வேலியோரம் பூப் பறிப்பார்கள். அங்கே பாதையை விட்டு ஓரடி இறங்கினால் போச்சு.

தீபாவளிக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது.

அனந்தகிருஷ்ணன்

சிட்லபாக்கம்
19 ஜூலை

ஏன்னா, நமஸ்காரம்.

இருபத்தெட்டுப் பேர் பதிந்தாகிவிட்டது. அந்தக் கிராமத்தை நோட்டீஸில் ஏன் போட்டேன் தெரியுமா? அங்கிருந்து உங்கள் குவார்ட்டர்ஸ் ஆறு கிலோமீட்டர். நாலு வருஷமாக நான் வரக் கிளம்பும்போதெல்லாம் பனி, துப்பாக்கிச் சூடு, மண்சரிவு. இப்போது கண்ணிவெடி. எனக்கு ஆத்திரமாக வருகிறது. நான் வருவது பிடிக்கவில்லையென்றால் ஒரு வரியில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பஸ் கிளம்பும்.

உங்கள் விஷ்ணு

முகாம்
2 ஆகஸ்ட்

விஷ்ணு,

கண்ணிவெடி நிஜம். யாரையும் அழைத்து வராதே.

நீ கேட்ட வரியும் நிஜம். பிடிக்கவில்லை. முன்பு சொன்னவற்றில் பனி மட்டும்தான் உண்மை. நேரில் சொல்லத் தைரியமில்லாமல் இங்கேயே போஸ்டிங்கை நீட்டித்துக்கொண்டேன். வேறு யாரும் இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டது.

அனந்தகிருஷ்ணன்

சிட்லபாக்கம்
20 ஆகஸ்ட்

திரு. அனந்தகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஸ்ரீநகரோடு திரும்புகிறோம். தாம்பரத்தில் எல்லோரையும் கூட்டி உங்கள் எச்சரிக்கையை வாசித்தேன். அபிதகுஜாம்பாள் மாமி, “மூணு மாசமா பார்டர் பார்டர்னு ஆசை காட்டிட்டு இப்படிப் பண்றியேடி” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். சமையல்காரர் வடிவேலு, “யாரும்மா சொன்னது? அங்கயே கீறவரா? அப்ப கரீட்டாத்தான் இருக்கும்” என்றார். தெரிந்தவர் ஒருவர் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். இப்போது அழவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்கள் முதல் கடிதத்தை நான் நம்பவில்லை. பாலத்தைத் தாண்டிப் போக வண்டிக்காரரிடம் பேசி முடித்திருந்தேன். இருபத்தெட்டுப் பேர். இனி யாருக்காவது வழி எழுதினால், உங்கள் சொந்தக் காரணத்தை அதில் கலக்காதீர்கள்.

விஷ்ணுப்ரியா