வெறுந்தோணியின் பலகை

11.2.1974

பாடக்குறிப்புக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். பிழைதான், மன்னிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று ஆசிரியர் அறையில் ரபீக்கா தான் கீறிய படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கிண்ணியாத் துறை, மாலை நேரம். தையல் படிப்பிக்கிறவள், பத்தாம் வகுப்போடு நின்றவள். தண்ணீரின் நீலத்துக்கு அடியில் செம்மண் நிறம் பூசியிருக்கிறாள். அதனால் நீலம் குளிரவில்லை. சாயத்தில் மணலைக் குழைத்துக் கரையைச் சொரசொரப்பாக நிறுத்தியிருக்கிறாள். தூரத்தில் கோணேசர் கோயில் மலையில் ஒரு மஞ்சள் புள்ளி. கிண்ணியாக் கரைப் பள்ளிவாசலில் அதே அளவில் இன்னொன்று. நடுவில் வெறுந்தோணி.

"டீச்சர், நீங்க படிச்சாக்கள். எப்பிடி இரிக்கி, சொல்லுங்களன்."

"நல்லாயிருக்கு." அவ்வளவுதான் வந்தது.

என் வீட்டில் முதல் பட்டதாரி நான். இரண்டு புள்ளியும் ஒரே விளக்கு என்று பார்த்தவுடன் விளங்கியது. ஆனால் அதை வைத்தது என் கை இல்லையே!

14.2

பள்ளிக்கூடக் கண்காட்சிப் படங்களுக்குக் கீழே ஒட்டக் குறிப்பு எழுதும்படி அதிபர் என்னிடம் சொன்னார். தெரிவாகிறவருக்குக் கொழும்பில் சித்திரப் பயிற்சி.

ரபீக்காவின் படத்துக்கு எழுதினேன்: 'நிறங்கள் நன்று. ஆளில்லாததால் உயிரில்லை.'

"கீறத் தெரியாதவை தோணியை வெறுமையா விடுவினம்" என்று ஆசிரியர் அறையில் சொல்லவும் செய்தேன். நானா அப்படி உரக்கக் கதைத்தது? ஒருவரும் சிரிக்கவில்லை.

18.2

படங்களைத் தெரிவுசெய்ய வந்த அதிகாரி குறிப்பை வாசித்தார். "உயிரில்லையாம்" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மனசின் எரிச்சல் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

19.2

ரபீக்கா படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "குறிப்பு நான் எழுதினது" என்றேன்.

"தெரியும். ஒங்கட எழுத்த ஒவ்வொரு நாளும் கரும்பலகையில பாக்கன்தானே." போர்வையை விலக்கினாள். "ஆள் முகம் கீறினா வாப்பா ஏசுவார் டீச்சர். அதான் ஆக்கள் இருந்து எழும்பின எடத்தக் கீறினன். பலகையப் பாத்தீங்களா?"

தோணிப் பலகையிலும் மணல் குழைத்த சாயம்; நடுநடுவே மணல் இல்லாமல், வழவழப்பாகத் தேய்ந்த ஆறு இடங்கள். ஓரத்தில் உள்ளது சிறியது.

"அது நீங்க. குடைய மடியில வெச்சிட்டு ஓரத்திலதானே இருப்பீங்க."

இரண்டு வருசமாக அந்தத் தோணியில் துறை கடந்து போய்க் கிண்ணியாவில் படிப்பிக்கிறேன். சுவரில் முகப்படம் இல்லாத வீடுகளில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். தெரியாதா எனக்கு? தெரியும் – தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

23.2

சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் துறை கடந்து ரபீக்கா வீட்டுக்குப் போனேன். அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டினேன்: குறிப்புப் பிழை, எழுதிய நான்தான் பிழை, இரண்டு கரையிலும் ஒரே விளக்கு, தோணி நிறைய ஆள். கீழே பெயர். பெயருக்குப் பின்னால் முதல் தடவையாகப் பட்டம்.

தையல் மெசினை மிதித்துக்கொண்டே கேட்டாள். "தபால்ல போடுங்க" என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அலுமாரிக்குப் பக்கத்தில் படம் சுவரைப் பார்த்தபடி நின்றது. எழும்பி வாசல்வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி, அவள் பலகையைக் காட்டிய அன்றே கேட்க நினைத்ததைக் கேட்டேன்:

"ரபீக்கா, அந்தப் பலகையை ஒருக்கா தொட்டுப் பாக்கட்டா?"