டிக்கெட்டின் பின்பக்கம்

டிசம்பர் 21, ஞாயிறு

பனி. எட்டு மணிக்கும் எதிர் வீட்டு மொட்டைமாடி தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனேன்.

பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கியாயிற்று. உள்ளே வருஷம் முழுக்கப் பார்த்த படங்களின் டிக்கெட்டுகள். எங்கள் வீட்டுச் சட்டம் இது: படம் முடிந்ததும் ஆளுக்கொரு டிக்கெட்டின் பின்னால் படத்தின் பெயர், பத்துக்கு மார்க், ஒரு வரி அபிப்பிராயம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. டிசம்பர் கடைசியில் நானும் வசந்தியும் சேர்ந்து பிரிப்போம். கல்யாணமான வருஷத்திலிருந்து இப்படித்தான்.

என் பட்டியல், நினைவிலிருந்து:

– கன்னடம், பஸ் கண்டக்டர் படம். 9. கடைசி டிரிப்பில் அவனும் டிரைவரும் பேசிக்கொள்வது இன்னும் காதிலேயே இருக்கிறது.

– தமிழ், கோர்ட் படம். 9½. அம்மா கூண்டில் ஏறிப் பேசும்போது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நானும்.

– மலையாளம், படகுக்காரர் படம். 6. இழுவை.

– ஏமாற்றம்: பெரிய ஹீரோவின் பண்டிகைப் படம். மூன்று மணி நேரம் மெதுவாக நடந்தார். 3 மார்க், நடந்த களைப்புக்காக.

– பெரிய ஏமாற்றம்: பேய்ப் படம். தூங்கிவிட்டேன். மார்க் போட உரிமை இல்லை.

கோர்ட் படத்துக்கு வசந்தி மட்டும் அழவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் "உனக்குக் கல் மனசு" என்றேன். பதிலே பேசவில்லை. கோபம் போல என்று விட்டுவிட்டேன்.

டிச. 22, திங்கள்

மதியம் வ. தூங்கினாள். டப்பாவைத் திறந்தேன். சட்ட விரோதம்தான். பொறுக்கவில்லை.

முன்பக்க அச்செல்லாம் மங்கிப்போயிருக்கிறது. பின்பக்கம் வ.வின் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவளின் குண்டு எழுத்து.

கண்டக்டர் படம்: "மழையை நன்றாக எடுத்திருக்கிறார்கள். 5."

படகுக்காரர் படம்: "சாப்பிட்டாயா என்று அப்பா கேட்கிறார். மகன் சாப்பிடாமலே ஆமாம் என்கிறான். அது போதும். 9."

கோர்ட் படம்: "அம்மாவாக வந்தவளின் மூக்குத்தி அழகு. எல்லோரும் ஏன் அழுதார்கள்? 4."

முதலில் சிரித்தேன். கன்னடப் படம் என்றால் உயிரை விடுகிறவள், இந்தக் கன்னட ஊரின் தேவராஜ மொஹல்லாவிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு இப்போது மலையாளப் பைத்தியமா?

தரையில் இரண்டு வரிசையாக அடுக்கினேன். அவள் நிறைய மார்க் போட்டவை ஒரு பக்கம், குறைத்தவை ஒரு பக்கம். நிறைய வாங்கியதெல்லாம் திரைக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடிய படங்கள். எழுத்து ஓடாத படங்களுக்கு அவள் எழுதியதெல்லாம் மழை, புடவை, மாடு, மூக்குத்தி. ஒருவர் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை.

டப்பாவை மூடிவிட்டேன். காபி போடத் தோன்றவில்லை.

டிச. 23, செவ்வாய்

கேஸ் புக் செய்ய வேண்டும். மின்விசிறி துடைக்க வேண்டும்.

வ. அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். "வசந்தி" என்றேன். மறுபடியும் சத்தமாக. திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளிவிட்டாள். "ஏங்க, இப்படியா பயமுறுத்துவீங்க?"

பெங்களூரிலிருக்கும் மகளுக்கு ஃபோன். தீபா சொன்னது: "அம்மா ஃபோன்ல உம், உம்னு மட்டும்தாம்ப்பா சொல்றாங்க. எம்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குக் கோபம் என்றே நினைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் புரிந்தது. தியேட்டரில் வ. அடிக்கடி என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரித்தால் சிரிப்பாள். அறுபது வயதில் என் மேல் இவ்வளவு ஆசையா என்று உள்ளுக்குள் பெருமை எனக்கு. மடையன்.

டிச. 25, வியாழன்

லீவு. மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. ரசபாளை வாழைப்பழம் ஒரு சீப்பு, கொத்தமல்லி, மல்லிகை.

எத்தனை முழம் வேண்டும் என்று பூக்காரர் கன்னடத்தில் கத்தினார்: "எஷ்டு மொள பேக்கம்மா?"

"எரடு கொடி" என்று வ. டக்கென்று இரண்டு முழம் கேட்டு இரண்டு விரலைக் காட்டினாள். என்னிடம், "இங்க வந்தா எனக்கு நிம்மதிங்க. எல்லாரும் கத்துறாங்க."

அவளுக்கு நேராக நின்று கேட்டேன். "எத்தனை நாளா?"

என்ன கேட்கிறேன் என்று புரிந்துவிட்டது. "போன வருஷத் தீபாவளிலேர்ந்து. மொதல்ல வலது காது. இப்ப ரெண்டும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, உனக்கு எதுக்குப் படம்னு நீங்க தனியாப் போக ஆரம்பிச்சிருவீங்க. அதான் சும்னே இருந்தேன்."

"நான் அப்படிப்பட்டவனா?"

"எனக்குக் கால் ஒடஞ்சப்ப மூணாம் நாளே மாட்னி போனவர்தானே நீங்க?"

போனேன். உண்மைதான். பூக்கடை முன்னாலேயே கண் கலங்கிவிட்டது. பூக்காரர் என்ன நினைத்தாரோ, அரை முழம் கூடுதலாக அளந்தார்.

டிச. 27, சனி

காது டாக்டர். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தால் கேட்குமாம். வர பத்து நாள். வ.வுக்கு ஒரே கவலை: "கொண்டை போட்டா தெரியுமா?" தெரியட்டும் என்றேன்.

டிச. 28, ஞாயிறு

பனி இல்லை. காலையிலேயே வெயில்.

கோர்ட் படம் டிவியில் வந்துவிட்டது. கீழே எழுத்து வரும்படி வைத்தேன். ரிமோட்டில் தேடிப் பிடிக்க இருபது நிமிஷம். வ. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கூண்டில் ஏறும் இடம். நான் கைக்குட்டையோடு தயார், இந்தத் தடவை அவளுக்காக.

படம் முடிந்தது. அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இதுக்கா அழுதீங்க? பெத்தவ இப்படியா வக்கீல் மாதிரி லெக்சர் அடிப்பா? அஞ்சு மார்க். அதுலயும் ஒண்ணு மூக்குத்திக்கு."

"உனக்குக் கல் மனசு" என்றேன், முகத்தைப் பார்த்து.

"யாருக்கு? எனக்கா? ரெண்டாவது பாதில கதையே இல்ல, தெரியுமா?"

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை. ஒரு வருஷத்துக்கப்புறம் இப்படி ஒரு சண்டை. சட்டத்தைத் திருத்தி, அந்த டிக்கெட்டில் அவளை மார்க் மாற்ற விட்டேன்.

எழுத விட்டுப்போனது: படம் ஓடிய இரண்டரை மணி நேரத்தில் அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.