ஜப்பான் இழைப்புளி

ஞாயிறு இரவு, சிகாமட்.

பழைய இரும்புக் கடையில் கிடந்த ஜப்பான் இழைப்புளிக்கு நான்தான் உயிர் கொடுத்தேன். அதன் உளியை அன்னாசிச் சாற்றில் ஊறவைத்துத் துருவை எடுத்தேன். ஜொகூரில் வேறு யாருக்கும் இந்த வித்தை தெரியாது. வெள்ளத்தில் உப்பிப்போன அறைக்கதவை இன்றே சாத்த வைப்பதாக, தங்க வந்த மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். இழைப்புளியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தும் ஒரு சீவல்கூட வரவில்லை.

"ஆசாரியக் கூப்பிடலாமா மாமா?" என்றார் அவர்.

"ஜப்பான்காரங்க இத தள்ள மாட்டாங்க, இழுப்பாங்க லா. வீடியோல பார்த்தேன்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

இழுத்தேன். சீவல் பட்டுப்போலச் சுருண்டு வந்தது.

"முதல்ல தள்ளித்தான் அத எழுப்பணும் மாப்பிள்ளை," என்றேன்.

"அப்படியா மாமா," என்று உடனே தலையாட்டினார். இவ்வளவு சீக்கிரம் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர்.

கதவு இப்போது நன்றாகவே சாத்துகிறது. உள்ளே மகளும் அவரும் சிரிக்கிறார்கள். வேறு எதற்காவது இருக்கும்.