கருவாட்டு வாசனையும் உன் பெயரும்

கீழ் வீட்டில் யாரோ கருவாடு சுடுகிறார்கள். திருவனந்தபுரம் மணக்காட்டில் இந்த மாடிக்குக் குடிவந்த இத்தனை வருடத்தில் அந்த வாசனைக்காக நான் ஜன்னலைச் சாத்தியதே இல்லை. இன்றைக்குப் படாரென்று சாத்தினேன். சாத்திவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போனவளுக்கு மடல் எழுதுவது கிறுக்குத்தனம் என்பாய். சொல்லிக்கொள். உயிரோடு இருக்கிற யாரிடம் வாயைத் திறந்தாலும் இரண்டு நாளாக எனக்குக் கத்தல்தான் வருகிறது.

நேற்று நம் ஆய்வு நிறுவனத்து இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நமக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, நம்மைத் தாண்டி மேலே போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் உணவு நிலை பற்றிய அறிக்கை தயாராகிவிட்டது என்று நீட்டினார். அட்டையில் முதல் பெயர் உன்னுடையது. இரண்டாவது என்னுடையது.

உனக்கு நினைவிருக்கும். அரிசி விலை, ரேஷன் கடை, விழிஞ்ஞத்து மீனவர் வீடுகள் என்று ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்தாய், ஆயுள் முழுக்க ஒப்பந்த வேலையில். ஒவ்வொரு அறிக்கையிலும் நன்றி சொல்லும் பக்கத்தில், வண்டி ஓட்டியவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நடுவில் உன் பெயர் இருக்கும். ‘நல்ல இடம்ட்டி, ரெண்டு பக்கமும் உழைச்ச ஆளுங்க’ என்று நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. முதல் பெயராக அச்சில் ஏற நீ சாக வேண்டியிருந்தது. அப்படியாவது ஏறியதே என்று நேற்று ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு பக்கத்தைப் புரட்டினேன். லயங்களில் பெரும்பாலான குடும்பங்கள் மீன் உண்கின்றன, உணவுப் பற்றாக்குறை தென்படவில்லை, சிறப்பு அரிசியைத் தொடரத் தேவையில்லை. இவ்வளவும் உன் பெயருக்குக் கீழே.

வித்துராவுக்கு மேலே மூடிக்கிடக்கும் அந்த எஸ்டேட்டுக்கு நாம் போனது, அந்த அரிசி வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கத்தான். கூலி நின்றுபோனதும் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, அந்த லயங்களுக்கு, அரசாங்கம் மாதாமாதம் கூடுதல் அரிசி கொடுத்து வந்தது. வளைவுக்கு வளைவு நீ ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாய். புளிமிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ‘பொருளாதாரம் படிக்காம நீச்சல் படிச்சிருக்கலாம், பொழப்பு கடற்கரையோட போயிருக்கும்’ என்றாய்.

முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாசனை. இரண்டாவது வீட்டிலும் அதே. நம்மோடு வந்த கணக்கெடுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள், பெண்கள் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்கள், மீன் என்ற கட்டத்தில் ‘ஆம்’ விழுந்துகொண்டே போனது. ஐந்தாறு வீடு போயிருப்போம். நீ என் முழங்கையைக் கிள்ளி, ‘ஏட்டி, எல்லா வீட்டுக் கருவாட்டுக்கும் அதே பாதி வாலா?’ என்று முணுமுணுத்தாய்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரே பாரைக் கருவாடு, பின்கதவு வழியாக நமக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைத் தின்னவில்லை. கனலில் இரண்டு புரட்டு புரட்டி, வாசனை எழும்பியதும் அடுத்த வீட்டுக்குக் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. பிள்ளைகளை முற்றத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு அடுக்களையில், செல்லத்தாய் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

‘அக்கா, நேத்து இந்த வீட்டுல கடைசியாச் சாப்பிட்டது யாரு?’

‘நான்தான். வேற ஆரு?’

‘அப்போ பானையில என்ன இருந்தது?’

அக்கா அடுப்புக் கனலைக் குச்சியால் கிளறினாள். ‘கஞ்சித்தண்ணி இருந்துச்சு மோளே. அதும் எல்லா ராத்திரியும் இருக்காது.’

‘பின்ன இந்தக் கருவாடு எதுக்கு அக்கா?’

‘திருவனந்தபுரத்துலருந்து ஆளு வருதுன்னு சொன்னாவ. வந்த ஆளுக்கிட்ட கஞ்சி, கஞ்சின்னு எல்லா வீட்டுலயும் சொன்னா நல்லாவா இருக்கும்? எங்க லயத்துக்கும் ஒரு மானம் இருக்குல்லா.’

பசியைக் கேட்டால் மானம் பதில் சொல்லும் என்று நீ அடிக்கடி சொல்வாய். அதற்கு உனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. சாலைக் கம்போளச் சந்தையில் அரிசி மூட்டை சுமந்தவரின் மகள் நீ. விருந்தாளி வந்தால் உன் அம்மா காலி அடுப்பிலே எண்ணெய் ஊற்றிக் கடுகு தாளிப்பாள் என்று மலையிறங்கும்போது சொன்னாய். சொல்லிவிட்டு ஜீப்பை நிறுத்தச் சொன்னாய். அந்தத் தடவை நீ வாந்தி எடுக்கவில்லை, சும்மா இறங்கி ரோட்டோரம் நின்றாய்.

அன்றைய பதில்கள் அத்தனையையும் நீ தள்ளினாய். இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் நாம் இருவர் மட்டும் மறுபடி போனோம். வீட்டுக்கு வீடு அடுக்களையில் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்விதான். வந்த பதில்களை நீ எழுதினாய், எனக்குக் கை ஓடவில்லை. பாதி வீடுகளில் பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்திருந்தார்கள். அதையெல்லாம் தொகுத்துக் கொடுத்த மழைக்காலத்திலேயே நீ படுக்கையில் விழுந்தாய்.

இப்போது அறிக்கையில் இருப்பது முதல் நாள் பதில்கள். அந்தக் கருவாட்டு வாசனையை அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள்.

‘இதையெல்லாம் அவ அன்னைக்கே தள்ளியாச்சு, உங்களுக்கே தெரியும்’ என்றேன் இயக்குநரிடம்.

‘சேச்சி, ரெண்டாமது போனது நம்ம ப்ளானில் இல்லல்லோ. டிப்பார்ட்மென்ட் கேட்டா நான் எந்து பறையும்?’

‘பட்டினின்னு சொல்லுங்க.’

‘அடுக்களையில் இருந்து பேசியது டேட்டா ஆகாது சேச்சி. பின்னெ, இது அவங்களுக்கு நம்ம ட்ரிப்யூட் அல்லே? இதில் குழப்பம் வேண்டா.’

அஞ்சலியாம். உயிரோடு இருந்தபோது ஒரு நிரந்தர வேலை கொடுக்க மனம் வராதவர்கள், செத்த பிறகு உன் பெயரை எடுத்து அந்தப் பெண்களின் அரிசிப் பானைக்கு மூடி போடுகிறார்கள். ‘அவங்களே எழுதியது’ என்று சொன்னால் இந்த ஊரில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது, அதுதான் அவர்களுக்குத் தேவை. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். தெரியாமல் தட்டியதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான், ஒளிக்கவில்லை. நீ ஒரு தடவையாவது கத்தியிருக்கலாம். நீ எழுதியதை அவர்கள் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் ‘இன்னும் தெளிவா எழுதிப் பாப்போம்ட்டி’ என்று மறுபடி உட்கார்ந்தாய். உன் பொறுமையை அவர்கள் சம்மதம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். கத்துகிற வேலையை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இறந்தவர் பெயரைப் போட வீட்டாரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். அந்தத் தாள் அண்ணனிடம், உன் வீட்டுக்காரரிடம், முன்பே போய்விட்டது. இன்று காலை கரமனையில் உன் வீட்டுக்குப் போனேன். தாள் மேசைமேல், கையெழுத்தோடு இருந்தது.

‘வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா’ என்றேன்.

அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ‘முப்பது வருசம் அச்சாபீசுல நின்னவன் நான். ஊர்க்காரன் கல்யாணப் பத்திரிகை, சங்கத்து நோட்டீசு, எவம் பேரையெல்லாமோ அச்சடிச்சாச்சு. எம் பொண்டாட்டி பேரு ஒரு அட்டையில வரும்போது நீ வந்து வேண்டாங்கிற. ஒனக்கென்ன, ஒம் பேரும் மொதல்ல இல்லியேன்னு எரியுதா?’

எனக்கு வலித்தது. ஆனாலும் கருவாட்டுக் கதையை முழுதும் சொன்னேன். அதை நீ வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

‘அதுக்குப் பொறவுதான் எங்கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா. அதுக்கு முன்ன எப்பவும் எனக்குப் பரிமாறிட்டுத்தான். ஏன்னு நான் கேக்கல’ என்றார். பிறகு, ‘அவ பேரு இல்லேன்னா அந்த அரிசி நிக்காதா?’

‘தெரியாதுண்ணா. நின்னாலும் நிக்கும். பேரு இருந்தா அவ சொன்னான்னு சொல்லி நிறுத்துவாங்க.’

அவர் தாளைக் கிழிக்கவில்லை. தன் கையெழுத்தின்மேல், அச்சுக்காரர் பிழையை அடிக்கிற மாதிரி நேர்கோடு ஒன்று அடித்து, பக்கத்தில் ‘சம்மதமில்லை’ என்று எழுதி என் கையில் கொடுத்தார். நான் கிளம்பும்போது உள்ளே போய்விட்டார், கதவைச் சாத்த வரவில்லை.

மதியம் அதை அலுவலகத்தில் கொடுத்தேன். என் பெயரையும் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் சீல் வைத்து வாங்கிக்கொண்டார். நாம் இரண்டாம் முறை போய் எழுதியதை நகலெடுத்து துறை அதிகாரியிடம் நேராகக் கொண்டுபோனேன். ‘வச்சிட்டுப் போங்க, நோக்காம்’ என்றார். நோக்குவாரோ, அதன்மேல் டீ கிளாஸ் வைப்பாரோ, எனக்குத் தெரியாது.

ஆக, உனக்குக் கிடைக்கவிருந்த ஒரே அட்டையிலிருந்து உன் பெயரை எடுக்க வைத்தவள் நான். கோபத்தை விடு, உடம்புக்கு ஆகாது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமிருப்பது அந்த இரண்டு கேள்வியும் இந்தக் கோபமும்தான், இதையும் விட்டால் நான் எதை வைத்துக்கொண்டு மலையேறுவது? அரிசி நிற்கும் மாதம் ஒன்று வந்தால், லயத்தில் வீடு வீடாகப் போய் அடுக்களையில் உட்கார்ந்து சொல்வேன், இதை நிறுத்தியவர்களில் நீ இல்லை என்று.